நெறியா, நோயா? ஒரு புற்றுக்கு மூன்று படங்கள்

காலில் செம்பனை முள் ஏறினால் தொடை இடுக்கில் நெறி கட்டும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் குலை வெட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் பெரியப்பாவுக்கு இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒன்று இருந்தது. "முள்ளு குத்துனதுடா" என்று விட்டுவிட்டார். மலத்தில் ரத்தம் வந்தபோதும் மூலம் என்று நினைத்துத் துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டார். டாக்டர் விரல் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்த பிறகுதான் ஆசனவாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது.

அப்புறம் ஈப்போவுக்கும் அதைத் தாண்டியும் அலைச்சல். எம்.ஆர்.ஐ., சி.டி., பெட்-சி.டி. "ஒரே ஒடம்புக்கு எதுக்கு மூணு படம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஆசனவாய்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான். சுற்றிலும் சுருக்குத்தசை. அந்தச் சின்ன இடத்தைத் துல்லியமாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. உடம்பிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் கரு ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். கருவியின் காந்தம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அதற்குள் படுத்ததும் அந்தக் கருக்களில் ஒரு சிறு பங்கு அதன் திசைக்கு இணங்கி நிற்கும். வானொலி அலையால் தட்டினால் சாய்ந்து, பதிலுக்குச் சமிக்ஞை தரும். அது அடங்கும் வேகம் தசையில் ஒன்று, கட்டியில் வேறு. அதனால்தான் படத்தில் தசை கறுப்பாகவும் கொழுப்பு வெளுப்பாகவும், கட்டி இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்திலும் தெரிகிறது.

பெருங்குடல் புற்றில் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். இதிலோ அளவுதான் முதல் கேள்வி. கட்டி 2 செ.மீ. வரை இருந்தால் டி1 என்ற நிலை, 5 வரை டி2, அதற்கு மேல் டி3. யோனி, சிறுநீர்ப்பை போன்ற பக்கத்து உறுப்புக்குள் புகுந்துவிட்டால் எந்த அளவானாலும் டி4.

நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க, எக்ஸ்ரேயால் உடம்பைக் குறுக்குவெட்டாகக் காட்டும் சி.டி.

பெட் வேறு வகை. கதிரியக்க ஃப்ளோரின்-18 ஏற்றிய ஒருவகைச் சர்க்கரையை ஊசியில் செலுத்தி, ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கச் சொல்வார்கள். புற்றுச் செல் சர்க்கரைக்கு அலையும். அதிகம் இழுத்துக்கொண்ட இடம் படத்தில் ஒளிரும். அந்த ஃப்ளோரின் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், அதனால் தாமதிக்க முடியாது.

பெரியப்பாவின் நெறியும் ஒளிர்ந்தது. சிக்கலே அங்கேதான். நெறி என்பது வீங்கிய நிணநீர்க் கணு. ஆசனவாயின் கீழ்ப்பகுதியிலிருந்தும் பாதத்திலிருந்தும் நிணநீர் வந்து சேருவது அதே தொடை இடுக்குக்குத்தான். புண்ணால் வீங்கிய கணுவும் சர்க்கரையை இழுக்கும், புற்று ஏறிய கணுவும் இழுக்கும். படத்தை மட்டும் வைத்துச் சந்தேகத்தைத் தீர்க்க முடியாது. ஊசி குத்திச் செல்களை எடுத்துப் பார்த்தார்கள். முள் குத்தியதால் வந்ததல்ல.

இந்த விவரம் ஏன் அவ்வளவு முக்கியம்? 1974ல் அமெரிக்க அறுவை மருத்துவர் நார்மன் நிக்ரோ, கதிர்வீச்சும் புற்றுக்கான மருந்தும் சேர்த்துக் கொடுத்தாலே இந்தக் கட்டி கரையும் என்று காட்டினார். அதற்கு முன் ஆசனவாயையே அகற்றி, வயிற்றில் நிரந்தரமாகப் பை வைப்பதுதான் வழக்கம். இப்போது கதிர் எங்கே, எவ்வளவு பாய வேண்டும் என்பதை இந்தப் படங்களின் மேல்தான் கோடு போட்டுத் தீர்மானிக்கிறார்கள். இடுக்கில் நோய் உறுதியானதால் அந்தக் கணுவுக்குக் கதிரின் அளவைக் கூட்டினார்கள்.

சிகிச்சை தொடங்கி 26 வாரம் வரைகூடக் கட்டி மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். சிகிச்சைக்குப் பிந்தைய முதல் படத்தில் மிச்சம் தெரிந்தாலும், கட்டி வளராதவரை உடனே கத்தியை எடுப்பதில்லை. பெரியப்பாவுக்கு அடுத்த எம்.ஆர்.ஐ. தீபாவளிக்கு முந்தின வாரம்.