ஆழம் போனால் தண்ணீர் வந்துவிடுமா?

சென்ற ஏப்ரலில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள வடகரப்பதியில் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். போர்வெல் லாரி 850 அடி ஆழத்தைத் தாண்டித் துளைத்துக்கொண்டிருந்தது. அருகில் வரிசையாகக் குவித்திருந்த கல்தூளை அள்ளிப் பார்த்தேன். முதல் குவியல்கள் செம்மண் நிறம். 300 அடிக்குக் கீழே எல்லாமே சாம்பல் நிறத்தில், மாவு மாதிரி உலர்ந்த தூள்.

“இன்னும் நூறு அடி போட்டா ஊத்து கெடைச்சிருமுங்களா?” என்றார் தோப்புக்காரர்.

“வேண்டாங்க, நிறுத்தச் சொல்லுங்க” என்றேன். அதற்குள் வீட்டு நகை அடகுக்குப் போயிருந்தது.

நிலத்தடி நீர்ப் பணியில் இருக்கும் எனக்கு, சித்தூர் தாலுகாவின் கிழக்கே கோடை முழுக்க இதே கேள்விதான். இங்கே காலடியில் இருப்பது கெட்டிப் பாறை. மேலே சிதைந்த பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். ஆழம் போகப் போக பாரம் அழுத்தி வெடிப்புகள் இறுகிவிடும். மண் சரியாமலிருக்க இறக்கும் கேசிங் பைப்போ மேலூற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறது.

கேரளத்தில் மழைக்கென்ன குறை என்பார்கள். தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கே வர வர மெலிந்துவிடும். கிழக்கு எல்லையோர எருத்தேம்பதிக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆற்று நீருக்கும் கணக்கு உண்டு. தமிழ்நாட்டோடு 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மழை பொய்த்தால் அதற்கும் இழுபறி. 2016 அக்டோபரில் கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

கூரை மழையை விடாதீர்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தால் 1,000 லிட்டர். சிந்தியது போக ஐம்பது குடமாவது தேறும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு சரளை, மணல், கரி போட்ட தொட்டி வழியாகத் திறந்த கிணற்றில் இறக்குங்கள். மாட்டுத்தொழுவத்து நீர் கலக்கவே கூடாது. நவம்பரிலும் ஏப்ரலிலும் கயிற்றில் கல் கட்டி நீர்மட்டம் அளந்து, கிணற்றுச் சுவரில் எழுதி வையுங்கள்.

அந்தத் தோப்பிலும் மட்டையும் குப்பையும் கொட்டிய பழைய கிணறு ஒன்று இருந்தது. தூர்வாரி, ஐப்பசி மழைக்கு முன் கூரைக் குழாயை அதில் விட்டோம். இந்த ஏப்ரலில் அளந்தபோது அடியில் ஆறடித் தண்ணீர். தென்னைக்குப் போதவில்லை, இரண்டு மரம் பட்டுவிட்டது. வீட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் இதுவரை டேங்கர் கூப்பிடவில்லை.