பெட்டியில் இருக்கும் ஓம் கணக்கும் பிக்கப்பின் குரலும்

தந்தியின் அசைவை மின்குறிகையாக மாற்றித் தரும் பிக்கப்பை எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் புதிதாக வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் மின்தடை அளவைத்தான். 6 கிலோ ஓம் என்றால் தெளிந்த குரல், 14 கிலோ ஓம் என்றால் முரட்டுக் குரல் என்றொரு கணக்கு கிட்டார் வாசிப்பவர்களிடையே வெகுநாளாகப் புழங்குகிறது. இந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது, பிக்கப் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விளங்கிவிடும்.

பிக்கப்பின் உள்ளே முக்கியமாக இருப்பவை நிலைக்காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச்சுருளும்தான். காந்தம் தனக்கு மேலே ஓடும் எஃகுத் தந்தியின் சிறு பகுதியையும் காந்தமாக்கி வைக்கிறது. தந்தியை மீட்டினால் அந்தப் பகுதி அசைய, சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் கூடிக் குறைய, ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. நைலான் தந்தியைப் பூட்டினால் அதே பிக்கப் ஊமையாகிவிடும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டார் மாதிரியில் வரும் வகைப் பிக்கப் ஒன்றில், தலைமுடி அளவே தடிமனுள்ள 0.063 மி.மீ. கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்றுகள் சுற்றியிருப்பார்கள்.

இத்தனை சுற்றுள்ள சுருள், தந்தியின் அசைவோடு சேர்த்து அறையிலுள்ள மின்மாற்றிகளின் காந்தப்புலத்தையும் வாங்கிக்கொள்வதால், சிங்கிள் காயில் எனப்படும் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஓயாத ஒரு ரீங்காரம் கேட்கும். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955இல் இதற்குக் கண்ட வழி, என் பார்வையில், மின்னியலின் மிக அழகான தந்திரங்களுள் ஒன்று. இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் சுற்றுத் திசையையும் காந்த முனையையும் சேர்த்தே அவர் தலைகீழாக்கினார். வெளியிலிருந்து வரும் ரீங்காரத்துக்குக் காந்த முனை ஒரு பொருட்டே இல்லை என்பதால் அது ஒருமுறை மட்டும் திரும்பி, மற்றச் சுருளின் ரீங்காரத்தோடு மோதி அழிகிறது. தந்தியின் குறிகையோ இருமுறை திரும்பிப் பழைய திசைக்கே வந்து மற்றதோடு கூடுகிறது. இதுவே ஹம்பக்கர்.

இனி அந்த ஓம் கணக்கு. மெல்லிய கம்பியைச் சுற்றினாலே, சுற்று கூடாமலும் மின்தடை ஏறிவிடும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுவதால், குளிரூட்டிய அறையில் 6.0 கிலோ ஓம் காட்டிய பிக்கப்பைப் பத்து டிகிரி கூடுதலான இடத்தில் அளந்தால் 6.24 காட்டும், குரல் என்னவோ அதேதான். குரலை நிர்ணயிப்பதில் பெரும்பங்கு, ஹென்றி என்ற அலகில் அளக்கப்படும் சுருளின் தன்மின்தூண்டல் எண்ணுக்கு (இண்டக்டன்ஸ்) உண்டு. அது கேபிளின் மின்தேக்குத்திறனோடு சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்கிறது. அந்த இடத்தில் ஒலி எடுப்பாகி, அதற்கு மேலே சரிந்து மறைகிறது. 2.5 ஹென்றி கொண்ட சிங்கிள் காயிலை, மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் உள்ள 3 மீட்டர் கேபிளில் இணைத்தால், சுருளின் சொந்தத் தேக்கத்தையும் சேர்த்து இந்த முகடு ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸில் நிற்கும்; கேபிளை 6 மீட்டராக்கினால் 3.8க்கு இறங்கிவிடும். 4.5 ஹென்றி ஹம்பக்கர் அதே 6 மீட்டர் கேபிளில் 3க்கும் கீழே போவதால்தான் அதன் குரல் கனத்துக் கேட்கிறது. ஆகவே குரல் மங்கலாக இருக்கிறது என்று பிக்கப்பை மாற்ற நினைப்பவர், முதலில் குட்டையான கேபிள் ஒன்றைப் பூட்டி வாசித்துப் பார்ப்பது நல்லது.

பொருத்தும் இடமும் இதே அளவுக்கு முக்கியம். தந்தியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே தந்தியின் அசைவு சிறிது, அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேற்சுரங்களின் (ஓவர்டோன்) பங்கு அதிகம். எனவே அங்கே ஒலி கூர்மையாகவும், விரல் வைத்து அழுத்தும் கழுத்துப் பகுதியான நெக் அருகே உருண்டு திரண்டும் வரும். பிக்கப்பின் உயரத்தைக் கூட்டினால் ஒலி பெருகும் என்பது உண்மையே ஆனாலும், வலிமையான காந்தம் தந்திக்கு மிக அருகே வந்தால் தந்தியையே இழுத்துப் பிடிக்கும். அப்போது தடித்த தந்தியில் நெக்கின் மேற்பகுதியில் அழுத்தி வாசிக்கும் உயர்ந்த சுரங்கள், எவ்வளவு சுருதி சேர்த்தாலும், இரண்டு சுருதிகள் ஒன்றோடொன்று உரசுவதுபோல் நடுங்கும். பிக்கப்பின் இரு ஓரத்திலும் உள்ள திருகுகளால் அதைச் சற்று இறக்கினாலே அந்த நடுக்கம் போய்விடும்.