டிரெய்லர்: இழுவையா, இழுவண்டியா?

பழைய புல்லட்டின் பின்னால் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி ஓட்டினால், அந்தப் பெட்டியை டிரெய்லர் என்கிறோம். டிராக்டருக்குப் பின்னால் நெல் மூட்டையோடு போவதும் டிரெய்லர். புதுப்படம் வருமுன் யூடியூபில் பார்ப்பதும் டிரெய்லர்.

லத்தீனில் 'திராஹெரே' என்றால் இழுப்பது. டிராக்டர் அந்த வேரிலிருந்து நேரே வந்தது. டிரெயினும் டிரெய்லரும் பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தவை. டிரெய்லருக்கு மூலமாகச் சொல்லப்படும் லத்தீன் சொல்லுக்கு, இழுத்து மீன் பிடிக்கும் வலை என்றும் ஒரு பொருள் உண்டு. அதாவது நம் இழுவலை. சினிமா டிரெய்லரை முதலில் படம் முடிந்த பிறகுதான் காட்டினார்கள். வாலாக வந்ததால் அந்தப் பெயர். இன்று அது படத்துக்கு முன்னால் ஓடுவதால் முன்னோட்டம் என்று நாம் வைத்ததே பொருந்துகிறது.

சரி, வண்டிக்கு வருவோம். இழுவை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சிக்கல் தெரிகிறது. இழுவைப் படகு வலையை இழுக்கிறது, இழுவைமடி என்ற வலை இழுபடுகிறது. டிராக்டரையும் இழுவை என்பவர்கள் உண்டு. இழுப்பதற்கும் இழுபடுவதற்கும் ஒரே பெயர் இருந்தால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

இழுவண்டி என்பதே என் தேர்வு. குடிக்கும் நீர் குடிநீர், இழுக்கும் வலை இழுவலை. இழுக்கும் வண்டி இழுவண்டி. வினைத்தொகை என்பதால் காலம் உள்ளே மறைந்திருக்கும்: நேற்று இழுத்ததும் இதுதான், நாளை இழுக்கப்போவதும் இதுதான். கொல்களிறு, அதாவது கொல்லும் யானை போல, வேறொன்றை இழுக்கிற வண்டி என்றும் இதைப் பிரிக்கலாமே என்று கேட்கலாம். இலக்கணப்படி முடியும். ஆனால் இழுவலை என்று சொல்லிப் பழகிய காதுக்கு இழுபடுவதுதான் முதலில் தோன்றும்.

பக்கத்தில் மாட்டும் சைடுகார் இதில் சேராது. இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டமும் டிரெய்லருக்கு வரையறை சொல்லும்போது சைடுகாரை விலக்கிவிடுகிறது. அதைப் பக்கவண்டி என்றே சொல்லலாம்.

உறுப்புகளுக்குப் பெயர் தேடி அலைய வேண்டாம், மாட்டுவண்டியில் எல்லாமே இருக்கிறது. முன்னால் நீளும் தண்டு ஏர்க்கால். சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது கடையாணி. பாரம் ஏற்றுவதற்கான சொற்கள் இன்னும் அருமை: முன்பாரம், பின்பாரம். பின்பாரம் ஆனால் ஏர்க்கால் மேலே தூக்கும். மாட்டுவண்டியில் அது மாட்டின் கழுத்தை இழுக்கும். மோட்டார் சைக்கிளில் பின்சக்கரத்தின் பிடிப்பைக் குறைக்கும், வேகம் கூடினால் இழுவண்டி வாலாட்டத் தொடங்கும். முன்பாரம் மிகுந்தாலோ ஹேண்டில் லேசாகிவிடும். கனமான சாமானை அச்சுக்கு மேல், ஒரு பிடி முன்னால் தள்ளி வைப்பார்கள்.

எடைக்கும் அளவு உண்டு. பிரிட்டனில் 125 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்தான் இழுவண்டி இழுக்கலாம். பாரத்தோடு சேர்த்து இழுவண்டி 150 கிலோவையோ மோட்டார் சைக்கிளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கையோ, எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. 180 கிலோ மோட்டார் சைக்கிளுக்கு 120 கிலோதான். டிரம் பிரேக் உள்ள பழைய வண்டியென்றால் அதையும் முழுதாக ஏற்றாதீர்கள். இழுவண்டிக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால், இரண்டின் பாரத்தையும் அந்த டிரம்தான் நிறுத்த வேண்டும்.