டிக் டிக் மூடி எவ்வளவு நேரம் தாங்கும்?

குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்க மாத்திரைப் புட்டியிலும் துப்புரவுத் திரவப் புட்டியிலும் போடுகிற, அழுத்தித் திருகினால்தான் திறக்கும் மூடி ஒன்றை அழுத்தாமல் திருகிப் பாருங்கள். டிக், டிக், டிக். சுற்றிக்கொண்டே இருக்கும், கழன்று வராது. பார்க்க ஒரே மூடிபோல இருந்தாலும் அதற்குள் இரண்டு மூடிகள் இருக்கின்றன. மரை இருப்பது உள்மூடிக்கு மட்டும்தான். வெளிமூடி அதன்மேல் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருக்கிற பற்கள். மூடுகிற திசையில் சுற்றினால் செங்குத்துப் பக்கங்கள் மோதிக்கொள்ளும்; உள்மூடியும் கூடவே சுற்றி இறுகும். திறக்கிற திசையில் சுற்றினால் சாய்வுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வழுக்கிவிடும். அந்த வழுக்கல்தான் டிக். உள்ளங்கையால் கீழே அழுத்தும்போது மட்டும் பற்கள் வழுக்காமல் பிடித்துக்கொள்ள, உள்மூடி கழலும்.

பெரியவர்களுக்கு இது அரை நொடி வேலை. சிறு குழந்தைக்கு, ஒரே நேரத்தில் அழுத்தவும் திருகவும் வேண்டும் என்பது எளிதில் பிடிபடாது. பிடிபட்டாலும் கையில் அந்த வலு இருக்காது. கனடாவின் வின்ட்சர் நகரில் இருந்த குழந்தை மருத்துவர் ஹென்றி ப்ரோ, மாத்திரைகளை விழுங்கிவிட்டு வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் 1967-இல் இந்த வகை மூடியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மாத்திரைப் புட்டியில் தொடங்கியது பிறகு துப்புரவுத் திரவங்களுக்கும் வந்து சேர்ந்தது.

சரி, இந்த மூடி எவ்வளவு நேரம் தாங்கும்? அதற்குக் கணக்கே இருக்கிறது. அமெரிக்காவில் 1970-இல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன்படி மூடிக்குத் தேர்வு வைப்பது குழந்தைகள்தான். 42 மாதம் முதல் 51 மாதம் வரை வயதுள்ளவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து 5 நிமிடம் கொடுக்கிறார்கள். திறக்க முடியாதவர்களுக்குப் பெரியவர் ஒருவர் ஒருமுறை திறந்து காட்டுவார். வேண்டுமானால் பல்லாலும் திறக்கலாம் என்று அனுமதியும் கொடுப்பார்கள். அப்புறம் இன்னொரு 5 நிமிடம். திறந்து காட்டுவதற்கு முன் 100-க்கு 85 பேராவது தோற்கவேண்டும். மொத்தம் 10 நிமிடம் முடியும்போது 80 பேராவது தோற்றிருக்க வேண்டும். அப்படியானால் மூடி தேர்ச்சி பெற்றது. அதே மூடியை 50 முதல் 70 வயதுள்ளவர்களில் 100-க்கு 90 பேராவது திறக்கவும் வேண்டும். (எனக்கு இன்னும் அந்த வயதாகவில்லை, ஆனாலும் சில நாள் மூடிதான் ஜெயிக்கிறது.)

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 10 நிமிடத்தில் ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிட்டாலும் அந்த மூடி சட்டப்படி நல்ல மூடி! இதைக் குறையாக நான் சொல்லவில்லை. மூடி ஒரு பூட்டு இல்லை, நமக்குச் சில நிமிடங்களை வாங்கித் தருகிற கருவி. உள்ளே இருக்கிற திரவத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால்தான் அந்த நிமிடங்களின் மதிப்பு தெரியும்.

குழாய் அடைப்பு நீக்கப் பயன்படும் காஸ்டிக் சோடாவை எடுத்துக்கொள்வோம். தண்ணீரின் பி.எச். அளவு 7. அதிலிருந்து ஒவ்வொரு எண் ஏறும்போதும் காரத்தன்மை 10 மடங்கு கூடும். கெட்டியான காஸ்டிக் சோடாக் கரைசல் 14-ஐத் தொடும். ஏழு படி, அதாவது ஒரு கோடி மடங்கு. இங்கே காரம் என்பது நாக்கு சொல்லும் காரமில்லை, வேதியியல் சொல்லும் காரம். பெயர்க் குழப்பம் வேறு.

அமிலமும் காரமும் உடம்பைப் புண்ணாக்கும் விதம் வேறு வேறு. அமிலம் பட்டதும் திசுவின் புரதம் உறைந்து பொருக்குபோல ஆகிவிடும். அந்தப் பொருக்கே அமிலம் மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரத்துக்கு அப்படித் தடையில்லை. புரதத்தைக் கரைக்கும், செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றும். சோப்பு தயாரிக்கிற அதே வினைதான். காரக் கரைசல் விரலில் பட்டால் வழவழவென்று இருப்பதற்கும் இதுவே காரணம். கரைந்த திசு வழிவிட, காரம் அடுத்த அடுக்குக்குப் போகும். இதெல்லாம் நொடிக்கணக்கில் தொடங்கிவிடும். அதற்காக அமிலம் சாது என்று எண்ணவேண்டாம். கழிப்பறைத் தொட்டியைக் கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரைப்பையையே புண்ணாக்கும்.

புண் ஆறுவதிலும் தொல்லை உண்டு. உணவுக்குழாயில் தழும்பு சுருங்கச் சுருங்கக் குழாய் குறுகும். வாரக்கணக்கில் ஆனபிறகு ஒருநாள் குழந்தைக்குச் சாப்பாடு இறங்காது, பிறகு தண்ணீரும் இறங்காது. அமெரிக்காவின் தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன் இத்தகைய குழந்தைகளுக்குக் குழாயை விரித்துவிடும் சிகிச்சையைப் பல ஆண்டுகள் செய்துவந்தார். அதோடு நிற்காமல், இத்தகைய பொருள்களின் புட்டியில் நஞ்சு என்று அச்சிடவேண்டும் என்று போராடினார். 1927-இல் அது சட்டமானது. ஆனால் எழுத்துத் தெரியாத குழந்தைக்கு அந்தச் சீட்டும் ஒரு வண்ணப் படம்தான்.

கசப்பு சேர்த்தால் துப்பிவிடாதா என்று கேட்கலாம். 1958-இல் ஸ்காட்லாந்தில் மரத்துப்போகச் செய்யும் மருந்துகளை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கிடைத்தது டெனட்டோனியம். அளவிட்டதிலேயே மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. ஐரோப்பாவில் சலவைத் திரவம் அடைத்த சிறு உறைகளுக்கு இப்படிப்பட்ட கசப்பு கட்டாயம். ஆனால் கசப்பு நாக்கில் பட்ட பிறகுதானே வேலை செய்யும்? இரண்டாவது வாயைத் தடுக்கும், முதல் வாயைத் தடுக்காது. அந்த உறைகளோ தண்ணீரில் கரையும்படி செய்யப்பட்டவை. குழந்தையின் வாயில் தண்ணீருக்கா பஞ்சம்? கடித்தால் கெட்டியான திரவம் பீய்ச்சி அடிக்கும், கண்ணிலும் படும்.

மண்ணெண்ணெய், டர்பன்டைன் போன்றவற்றின் வழி வேறு. அவை தண்ணீர்போல எளிதில் ஓடுபவை. விழுங்கும்போது ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள் நழுவினாலும் நுரையீரலில் பரவிப் படர்ந்து அழற்சியை உண்டாக்கும். இவற்றை விழுங்கிய குழந்தையை மருத்துவர் வயிற்றைவிட மூச்சையே அதிகம் கவனிப்பார்.

இன்னொன்று, வாய்க்கே போகவேண்டியதில்லை. ப்ளீச்சையும் அமிலக் கழுவியையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு வரும். ப்ளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமைன் வரும். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது, தரையை ஒட்டித் தங்கும். நிற்கிற நம் மூக்குக்கு லேசாக எட்டுவது, தவழ்கிற குழந்தையின் மூக்குக்கு நேராகக் கிடைக்கும்.

இத்தனைக்கும் குழந்தை அலமாரியை உடைத்துத் திருடவேண்டிய தேவையே பெரும்பாலும் இருப்பதில்லை. நாம் பாதி துடைத்துக்கொண்டிருப்போம், போன் அடிக்கும், புட்டி திறந்தபடி தரையில் நிற்கும். அந்த நேரத்தில் மூடி வாங்கித் தருவது பூஜ்ஜிய நிமிடம். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதும் அப்படியே. மூடியும் போச்சு, எச்சரிக்கையும் போச்சு, பார்த்தால் குடிக்கிற சாமான் மாதிரியே இருக்கும். எழுந்து போகும்போது புட்டியை மூடிக் கையோடு எடுத்துப் போங்கள். மற்ற நேரத்தில் எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

குழந்தை குடித்தே விட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன வழியே திரும்பி வரும்போது காரம் இன்னொரு முறை சுடும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போக இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும். வாந்தி எடுக்க வைக்கும் ஐபிகாக் மருந்தை வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2003-இல் சொல்லிவிட்டது. காரத்தை முறிக்கப் புளிப்பாக எதையாவது கொடுப்பதும் தவறு. அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் வெளிப்படும். வாயைத் துடைத்துக் கழுவிவிட்டு, புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவ உதவியைத் தேடுங்கள். கண்ணில் பட்டால் முதலில் 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும். வாயில் புண் தெரியவில்லை என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள், உள்ளே இருக்கலாம். எச்சில் வழிவது, விழுங்க மறுப்பது, மூச்சில் கரகரப்பு எல்லாம் அவசர அறிகுறிகள்.

கடைசியாக அந்த மூடி. உள்மூடி முழுதாக இறுகாமல் இருந்தால், சாய்வுப் பற்களின் லேசான உராய்வே அதைச் சுழற்றப் போதும்; அழுத்தாமலேயே திறந்துவிடும். அதனால் மூடியபின் ஒருமுறை அழுத்தாமல் திறக்கிற திசையில் திருகிப் பார்க்கவேண்டும். டிக் டிக் என்றபடி வெளிமூடி மட்டும் சுற்றினால் மூடியிருக்கிறது.