லாரியில் எரிந்த விமானம்

பழம்பொருள் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு விமான நிலையத்தில் நிற்கும் விக்கர்ஸ் விமி விமானத்தின் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

முதல் உலகப் போரில் குண்டு வீசுவதற்காக வடிவமைத்த இரட்டை எஞ்சின் விமானம் அது. இழுத்துப் போர்த்திய துணி, திறந்த விமானி அறை, இரு பக்கமும் 360 குதிரைத்திறன் ரோல்ஸ் ராய்ஸ் ஈகிள் எஞ்சின்கள். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்டு பரிசு என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்தது. ராஸ் ஸ்மித், அவருடைய அண்ணன் கீத், மெக்கானிக்குகள் பென்னட், ஷியர்ஸ் ஆகிய நால்வரும் 1919 நவம்பர் 12-ல் லண்டனை ஒட்டிய ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள்.

வழியில் சிங்கப்பூர் குதிரைப் பந்தயத் திடலில் இறங்கியபோது, ஓடுதூரம் போதாதென்று பென்னட் உடற்பகுதியின் மேலேயே ஊர்ந்து வால்பக்கம் போய், விமானம் சீக்கிரம் நிற்பதற்காகத் தன் எடையால் அழுத்தினார். ஜாவாத் தீவின் சுரபாயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. ஊர்மக்களின் மூங்கில் பாய்களை வரிசையாக விரித்து, அதன்மேல் ஓடித்தான் மேலே எழும்பினார்கள். டிசம்பர் 10-ல் ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வினில் இறங்கினார்கள். பரிசுப் பணம் நால்வருக்கும் சமபங்கு.

இத்தனையும் தாங்கிய விமானம், 1957-ல் கான்பெராவிலிருந்து அடிலெய்டுக்கு லாரியில் வரும்போது தீப்பிடித்துப் பெரும் சேதமடைந்தது. பிறகு பழுதுபார்த்து, காட்சிக்கு வைத்தார்கள்.

கூடத்தில் அசையாமல் நிற்கும் பொருளைவிட, இடம் மாறும் பொருளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதை என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இறக்கையைக் கழற்றியதும் இணைப்புகள் திறந்து கிடக்கும். உலர்ந்த மரமும், துணி விறைப்பாக நிற்பதற்காகப் பூசிய டோப்பும் சட்டென்று பற்றக்கூடியவை. ஆகவே கழற்றுமுன் ஒவ்வொரு இணைப்பையும் படமெடுங்கள். வண்டியில் தீயணைப்பான் இருக்கட்டும். அந்தப் பொருளை நன்கு அறிந்த ஒருவர் கூடவே போகட்டும். வாடகை லாரியில் ஏற்றிவிட்டு அலுவலகத்தில் காத்திருக்கும் வழக்கம் எனக்கு இன்றும் கோபத்தை வரவழைக்கிறது.

பழுதுபார்த்ததை மறைப்பதையும் நான் ஏற்பதில்லை. டார்வினைத் தாண்டிய பயணத்தில் விமியின் எஞ்சின் ஒன்று கெட்டுப்போக, குயின்ஸ்லாந்தின் இப்ஸ்விச் ரயில்வே பணிமனையில்தான் அதைச் சரிசெய்தார்கள். அந்த வேலையும் விமானத்தின் வரலாறுதான். தீக்குப் பின் செய்ததும் அப்படியே. எது 1919-ன் பாகம், எது பின்னால் சேர்ந்தது என்று விளக்கப் பலகை சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், பார்க்க வருகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

ராஸ் ஸ்மித்தும் பென்னட்டும் 1922 ஏப்ரலில், உலகைச் சுற்றிவரத் தயாரித்த வேறொரு விக்கர்ஸ் விமானத்தைச் சோதிக்கும்போது இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் விழுந்து இறந்தார்கள். அவர்கள் கைபட்ட பாகங்களில், தீக்குத் தப்பியவை மட்டும் இன்று அடிலெய்டில் இருக்கின்றன.