படகுக்கு அம்மை போட்டால்

"பழைய ஃபைபர் மோட்டார் படகு ஒன்றை வாங்கி வீட்டு முற்றத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பல வருடம் ஏரியிலேயே மிதந்த படகு. அடிப்பக்கம் முழுக்க நகத்தளவு கொப்புளங்கள். ஒன்றைக் குத்தினேன், பிசுபிசுப்பான நீர் பீய்ச்சி அடித்தது, வினிகர் வாடையோடு. பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் எப்படிப் போகும்? படகின் பெயரை மாற்றியதால் வந்த வினை என்கிறார் நண்பர்" என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்.

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தக் கொப்புளம் ஒரு வாரத்திலோ மாதத்திலோ வருவதல்ல, எழும்பிவரப் பல வருடம் எடுக்கும். நீங்கள் படகைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே அது தொடங்கிவிட்டது. பெயர் மாற்றினால் படகுக்கு ஆகாது என்பது மாலுமிகளிடையே உள்ள பழைய நம்பிக்கை. அதை நம்பிக்கொண்டிருந்தால் காரணத்தைத் தேட மாட்டோம், படகுதான் கெடும்.

ஃபைபர் படகு என்பது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த கலவை. இழை வலு தருகிறது, ரெசின் அதைப் பிடித்து நிறுத்துகிறது. வெளியே பளபளப்பாகத் தெரிவது ஜெல்கோட், அதுவும் ரெசின்தான். தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். இதுவரை சிக்கல் இல்லை.

ஆனால் அந்த ஜெல்கோட் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. நீர் மூலக்கூறு மிகச் சிறியது. ரெசினின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்து போய்விடும். வெறுமனே போய்த் திரும்பியிருந்தால் பாதகமில்லை. உள்ளே அதற்கு வேலை காத்திருக்கிறது. பாலியெஸ்டரின் சங்கிலி எஸ்டர் பிணைப்புகளால் ஆனது. எஸ்டரோடு நீர் சேர்ந்தால் அமிலமும் ஆல்கஹாலும் கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கேயும் அதே நீராற்பகுப்புதான், ஆனால் ஆமை வேகத்தில். உடைந்த துண்டுகளில் முக்கியமானது கிளைகால் என்னும் ஆல்கஹால் வகை. படகு வார்த்த நாளில் வினைபுரியாமல் தங்கிவிட்ட கிளைகாலும் அங்கே இருக்கலாம். இவை நீரில் நன்றாகக் கரையும்; ஆனால் நீரைவிடப் பெரிய மூலக்கூறுகள் என்பதால் வந்த வழியே எளிதில் வெளியேற முடியாது.

சவ்வூடு பரவலுக்கு வேண்டியதெல்லாம் இப்போது கூடிவிட்டது. வெளியே தூய நீர், உள்ளே சிறு காற்றுக்குமிழி இருந்த பள்ளத்தில் அடர்ந்த கரைசல், இரண்டுக்கும் நடுவே சவ்வாக ஜெல்கோட். உலர்திராட்சை ஊறி உப்புவதைப் போலக் கரைசலை நோக்கி நீர் வந்துகொண்டே இருக்கும். எந்த அழுத்தத்தில் என்பதை வான்ட் ஹாஃப் தந்த சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்குத்தான் கிடைத்தது. ஒரு லிட்டரில் ஒரு மோல், அதாவது 76 கிராம் புரோப்பிலீன் கிளைகால் கரைந்திருந்தால், 25 டிகிரி செல்சியஸில் அழுத்தம் சுமார் 24 வளிமண்டலம். கார் டயரில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு! ஜெல்கோட் மேலெழும்பாமல் என்ன செய்யும்? குத்தினால் பீய்ச்சி அடிப்பதும் இதனால்தான். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் அடுத்த கொப்புளத்தைத் தொடாதீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கடலில் நிற்கும் படகைவிட நன்னீர் ஏரியில் நிற்கும் படகுக்குத்தான் கொப்புளம் எளிதில் வரும். கடல் நீரிலும் உப்பு கரைந்திருக்கிறது, அதுவும் தன் பக்கம் நீரை இழுக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைந்தால் அழுத்தமும் குறையும். உப்புதான் எதையும் அரிக்கும் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

வினிகர் வாடைக்கும் காரணம் உண்டு. கண்ணாடி இழைகளைப் பாயாக ஒட்டிவைக்கச் சில வகைகளில் பாலிவினைல் அசிட்டேட் பசை சேர்ப்பார்கள். மரவேலையில் பயன்படும் வெள்ளைப் பசையின் இனம். அது நீரில் சிதைந்தால் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் அமிலம் வரும்.

இதையெல்லாம் யாரோ பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததால்தான் நமக்குத் தெரிகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில், அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் நிதியில், இந்தக் கொப்புளங்களை ஆராய்ந்து 1987-இல் அறிக்கை தந்தார்கள். நாம் அன்றாடம் புழங்கும் பொருள்கள் மெல்ல மெல்ல எப்படிக் கெடுகின்றன என்று பார்க்கும் ஆய்வுகளுக்கு இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிதாகச் செய்வதற்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்காவது போதும்.

சரி, வைத்தியம். கொப்புளத்தைச் சுரண்டி, காயவிட்டு, பள்ளம் நிரப்பும் புட்டிப் பசையை அடைத்துப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அடுத்த சில வருடங்களில் அதே இடத்தில் அது திரும்ப எழும். ஏனென்றால் காயவைத்தால் நீர்தான் போகும். புரோப்பிலீன் கிளைகாலின் கொதிநிலை 188 டிகிரி. வெயிலுக்கு அது அசைவதேயில்லை. உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தைக்கூட உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கொப்புளம் வந்த இடங்களில் ஜெல்கோட்டை நீக்கியபின் படகைக் காயவைப்பதற்கு முன்னால் நனைக்க வேண்டும். வெந்நீரால் கழுவுங்கள், மறுநாள் மறுபடி கழுவுங்கள், பல நாள் இப்படியே. சவ்வு போய்விட்டதால் கிளைகாலுக்கு இப்போது வழி திறந்திருக்கிறது, நீரோடு கரைந்து வெளியே வந்துவிடும். ஈரத்தைப் போக்க நீரையே ஊற்றுகிறோம்!

அப்புறம்தான் உலர்த்தல், அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். காய்ந்ததா என்று பார்க்க, தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி ஒரு நாள் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் இன்னும் காயவில்லை.

அந்த இடைவெளியில் எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பழைய படகுகளில் அதற்குள் ப்ளைவுட் இருக்கும். 'டொக்' என்று கணீரெனக் கேட்டால் நல்லது; மொத்தென்று கேட்டால் திருகுத் துளை வழியே நீர் இறங்கி மரம் இற்றிருக்கலாம். அது தனிக் கதை.

நன்றாகக் காய்ந்தபின் பள்ளங்களை எபாக்சி என்னும் வேறு வகை ரெசினால் ஆன புட்டியால் நிரப்பி, மேலே எபாக்சியைப் பல பூச்சாகக் கொடுங்கள். எபாக்சிதான் ஏன்? அமீன் ஹார்டனரோடு இறுகும் சாதாரண எபாக்சியின் சங்கிலியில் எஸ்டர் பிணைப்பு இல்லை. நீர் வெட்டுவதற்கு அங்கே இடமில்லை. நீரும் அதனூடே மெதுவாகத்தான் நகரும். ஒரு பூச்சு முழுதாக இறுகியபின் மேலே மெழுகு போல வழவழப்பாக ஏதாவது படிந்திருந்தால், அதை நீரால் துடைத்து, லேசாக உப்புத்தாள் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு அடியுங்கள். தேய்க்கும் வேலை எதுவானாலும் தூசு முகமூடி கட்டாயம். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பிறகு பெயின்ட் அடித்து, நீங்கள் விரும்பிய புதுப் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். டிரெய்லர் இருந்தால் ஓட்டி முடித்ததும் படகைக் கரையேற்றிவிடுங்கள். நீரில் நிற்காத நாட்களில் அடிப்பாகம் தன் ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும்.