கேட்கத் தெரியாத மாணவருக்கும் உதவி போய்ச் சேர வேண்டும்

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவருக்குப் பாடத்தைவிடப் பெரிய தடை, எதை யாரிடம் எப்போது கேட்பது என்று தெரியாததுதான். "சந்தேகம் இருந்தால் வாங்க" என்று வகுப்பில் சொல்லிவிட்டு, வராதவருக்கு அக்கறையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆசிரியர் அறைக்குப் போவது தப்பு செய்தவர்களின் வேலை என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே முதல் மூன்று வாரங்களுக்குள் ஒவ்வொருவரையும் 10 நிமிடம் சந்தியுங்கள். நாள், நேரம், அறை எண்ணை நீங்களே குறித்துக் கொடுங்கள். வகுப்பு முழுவதையும் கூப்பிட வேண்டும். முதல் தலைமுறையினரை மட்டும் அழைத்தால் முத்திரை குத்தியதாகிவிடும். எந்தப் பாடம் புரியவில்லை, கட்டணத்துக்கு என்ன வழி, வகுப்பு முடிந்து வேலைக்குப் போகிறீர்களா என்ற மூன்று கேள்விகள் போதும். வருகை குறைவதற்கான காரணம் பெரும்பாலும் மூன்றாவது பதிலில் இருக்கும்.

தொடக்க நாளிலேயே எல்லா விதிகளையும் கொட்டுவது வீண். ஒவ்வொரு கெடுவுக்கும் இரண்டு வாரம் முன்பும், மூன்று நாள் முன்பும் குறுஞ்செய்தி அனுப்புங்கள். எந்த அலுவலகம், என்னென்ன சான்றிதழ், தவறவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கிரெடிட், அக மதிப்பெண், அரியர் போன்ற சொற்களுக்கு ஒரு வரி விளக்கமும் சேருங்கள். முதலில் பணத்தைக் கட்டு, பிறகு திரும்பத் தருகிறோம் என்ற ஏற்பாட்டில்தான் பலர் படிப்பையே விடுகிறார்கள். அதை மாற்ற நிர்வாகத்திடம் போராட வேண்டும்.

மூத்த மாணவர்களைப் பேசவைப்பது செலவில்லாத வழி. அமெரிக்காவில் சமூக உளவியலாளர் நிக்கோல் ஸ்டீஃபன்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரக் கலந்துரையாடல் ஒன்றில் மூத்தவர்கள் தங்கள் குடும்பப் பின்னணியால் வந்த சிக்கல்களையும் அவற்றைச் சமாளித்த விதத்தையும் சொன்னார்கள். அதைக் கேட்ட முதல் தலைமுறை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்குமான மதிப்பெண் இடைவெளி ஆண்டு முடிவில் 63 சதவீதம் குறைந்தது. "நன்றாகப் படியுங்கள்" என்ற பொது அறிவுரைக்கு அந்தப் பலன் இல்லை. பேசுபவர் விழுந்த இடத்தையும் சொல்ல வேண்டும்.

முதல் தலைமுறை ஆசிரியர்களையும் அலுவலர்களையும் மறந்துவிடுகிறோம். இத்தகைய மாணவர்கள் அவர்களிடம்தான் தேடிப் போகிறார்கள். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வழிகாட்டும் மணிகளைப் பணிச்சுமையில் எழுதிச் சேருங்கள். பதவி உயர்வு விதிகள், விடுப்பு, ஆய்வு நிதி பற்றியெல்லாம் தேநீர் இடைவேளைப் பேச்சில் அறிய முடியாதவர்கள் அவர்கள். பணியில் சேரும் நாளிலேயே இவற்றை எழுத்தில் கொடுத்து, வேறு துறையிலிருந்து ஒரு மூத்தவரை ஓராண்டுக்குத் துணையாக அமர்த்துங்கள். அதே துறைத் தலைவரிடம் யாரும் மனம்விட்டுக் கேட்க மாட்டார்கள்.